எண்ணூர்த் துறைமுகச் சாலை: நிலக்காரர் கவனிக்க வேண்டியவை

எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. வடசென்னை அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்காக ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் அமைந்தது. 2014 முதல் காமராஜர் துறைமுகம் என வழங்கப்படுகிறது. இன்று மோட்டார் கார்களும் இங்கிருந்து கப்பலேறுகின்றன. ராயபுரம், திருவொற்றியூர் நெரிசலில் சிக்காமல் சரக்கு துறைமுகம் சேர வேண்டுமானால், சாலை மீஞ்சூர், பொன்னேரி வயல்வெளி வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

அவ்வாறு வகுக்கப்பட்டதே சென்னை எல்லைச் சாலை. எண்ணூரில் தொடங்கி தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள்கோயில் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 133 கி.மீ. நீளம். எண்ணூர் - தச்சூர் முதற்பகுதிக்கு ஜப்பானின் 'ஜைக்கா' நிறுவனம் சுமார் 4,000 கோடி யென் கடன் அளிக்கிறது. சென்னை - பெங்களூரு தொழில் வழித்தடத்தில் பொன்னேரியைத் தொழில் மையமாகக் காட்டி வரைவுத் திட்டம் தயாரித்ததும் இதே நிறுவனமே.

இரண்டு விதிகள்

வெளிநாட்டுக் கடனில் சாலை வரும்போது நம் நாட்டுச் சட்டத்துடன் கடன் கொடுப்பவரின் விதியும் சேர்ந்து வருகிறது. விவசாயிகள் இரண்டையும் அறிந்திருத்தல் நலம்.

இச்சாலைக்கு நிலம் எடுப்பது 2001-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டப்படி. இழப்பீட்டுக்கு 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமே அளவுகோல். கிராமப்புற நிலத்தின் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரை, அரசு நிர்ணயித்த எண்ணால் பெருக்கி, கிணறு, மரம், கட்டட மதிப்பைக் கூட்டி, அந்த மொத்தத்துக்குச் சமமான ஆறுதல் தொகையும் சேர்க்க வேண்டும். நிலம் இரண்டாகப் பிளவுபடுவதால் ஏற்படும் நஷ்டத்தையும் கேட்கலாம். தேசிய நெடுஞ்சாலையானால், அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் ஆட்சேபணை தர வேண்டும்.

இழந்ததைப் போன்ற நிலத்தை மீண்டும் வாங்கப் போதுமான தொகையை, கூடியவரை முன்னதாகவே தர வேண்டும், பாதிக்கப்படுவோரைக் கலந்துபேச வேண்டும் என்பது ஜைக்காவின் விதி. விதி மீறப்பட்டால், பாதிக்கப்பட்டவர் இருவராவது சேர்ந்து அந்நிறுவனத்திடமே முறையிட வழியுண்டு.

செய்ய வேண்டியவை

1. பட்டா இறந்துபோன பெரியவர் பெயரில் இருந்தால் உடனே மாற்றுக. ஜமாபந்தியில் மனுக் கொடுக்கலாம்.

2. பயிர், கிணறு, மரம் அடங்கலில் பதிவாகியுள்ளனவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். கடல்நீர் புகுந்து உவர்ப்பேறிய மீஞ்சூர் வட்டாரத்தில் நன்னீர்க் கிணறு பெருஞ்சொத்து. அது கணக்கில் விட்டுப்போகலாகாது.

3. குத்தகைதாரர், வாரதாரர் தம் சாகுபடிக்கு ஆதாரம் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களும் பாதிக்கப்பட்டோரே.

4. தொகை குறைவென்று தோன்றினால், 'ஆட்சேபணையுடன் பெறுகிறேன்' என்று எழுதிக் கையொப்பமிடுங்கள்.

வாய்க்காலை மறவாதீர்

நிலம் கொடுக்காதவரும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கடல் நோக்கிக் கிழக்கே ஓடுபவை. குறுக்கே சாலைக்காக மண்கரை எழுந்தால், ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்புற வயலில் தண்ணீர் தேங்கிச் சம்பாப் பயிர் அழுகும். கீழ்புற வயலுக்குத் தண்ணீர் எட்டாது. ஆகவே கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் புலப்படத்துடன் செல்லுங்கள். ஒவ்வொரு வாய்க்காலையும் காட்டி, சிறுபாலம் கேளுங்கள். பாலத்தின் தரை, வாய்க்கால் தரை மட்டத்திலேயே இருக்க வேண்டும். உயர்ந்தால் தண்ணீர் எதிர்க்கும்; தாழ்ந்தால் வண்டல் அடைக்கும். தார் போட்ட பிறகு சாலையை வெட்டி வழி விட யாரும் முன்வரமாட்டார்கள். வரைபடமாக இருக்கும்போதே ஊர் கூடி எழுத்து மூலம் கேட்டு, ரசீது பெற்றுக்கொள்வதே உசிதம்.