நமக்குச் சோறு, மாட்டுக்கு வைக்கோல்

மாட்டுப் பொங்கல் என்றால் கிராமமே களை கட்டிவிடும். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே உள்ள செம்மங்குப்பம் போன்ற ஊர்களில் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, பொங்கலை ஊட்டுவார்கள். ஒரு கைப்பிடி கொடுத்தால் தொல்லை இல்லை. ஆசை மிகுந்து பானையோடு வைத்துவிட்டாலோ வந்தது வினை! மாடு அசை போடுவதை நிறுத்திவிடும். இடப்பக்க வயிறு உப்பிவிடும். சில சமயம் உயிரே போய்விடும்.

நமக்கு நன்றாகச் செரிக்கும் சோறு மாட்டுக்கு ஏன் ஆகவில்லை?

முதலில் நம் வயிற்றைப் பார்ப்போம். அரிசியில் மாவுச்சத்து இறுகிய சிறு மணிகளாக இருக்கிறது. நம் உமிழ்நீரிலும் கணைய நீரிலும் உள்ள அமிலேஸ் என்ற நொதி அதற்குள் எளிதில் நுழைய முடியாது. அரிசி வேகும்போது, சுமார் 70 டிகிரி செல்சியசில் அந்த மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்துக் குழைகின்றன. பிறகு நொதிக்கு வேலை சுலபம். அதாவது, செரிமானத்தில் பாதி வேலையை அடுப்பே செய்துவிடுகிறது!

மாட்டுக்கு அடுப்பு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. அதுதான் அதன் நான்கு அறை இரைப்பையின் முதல் அறை. பெரிய மாட்டில் அது 100 லிட்டருக்கு மேலும் கொள்ளும். அங்குள்ள நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. வைக்கோலில் உள்ள செல்லுலோசை நம்மால் செரிக்க முடியாது. இந்த நுண்ணுயிர்கள் அதை மெதுவாக நொதிக்க வைத்து, மாட்டுக்கு வேண்டிய சக்தியைத் தருகின்றன.

நொதிக்கும்போது அமிலம் உண்டாகுமே? உண்டாகும். ஆனால் வைக்கோலை மாடு மணிக்கணக்கில் அசை போடுகிறது. அப்போது ஏராளமாகச் சுரக்கும் உமிழ்நீர் காரத்தன்மை உடையது. அது அமிலத்தைச் சமன் செய்துவிடும்.

சோற்றில் இரண்டும் கெட்டுவிடுகின்றன. குழைந்த மாவுச்சத்து மிக வேகமாக நொதித்து லாக்டிக் அமிலம் பெருகுகிறது. மெல்ல வேண்டிய தேவை இல்லாததால் உமிழ்நீரும் குறைகிறது. 6க்கும் 7க்கும் இடையே இருக்க வேண்டிய பி.எச். எண் 5க்கும் கீழே இறங்கிவிடலாம். நல்ல பாக்டீரியாக்கள் மடிகின்றன. அமிலம் இரத்தத்தில் கலக்கிறது. பச்சை அரிசியையோ மாவையோ மூட்டையில் வாய் வைத்து அதிகமாகத் தின்றாலும் இதே கதிதான்.

2024 ஜூனில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மீறித் தின்ற 5 மாடுகள் இறந்துபோயின. காரணம் இந்த அமில நோய்தான்.

ஆகவே, கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை மாட்டுக்குக் கொட்டுவது புண்ணியம் அல்ல. தவறித் தின்றுவிட்டால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

செய்து பாருங்கள்: ஒரு சோதனைக் குழாயில் பச்சரிசி மாவு கரைத்த நீர், இன்னொன்றில் ஆறிய, நீர்த்த சோற்றுக் கஞ்சி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சிறிது உமிழ்நீர் சேர்த்து 15 நிமிடம் வையுங்கள். பிறகு ஒரு துளி அயோடின் விடுங்கள். எதில் நீல நிறம் அதிகம்? ஏன்? நீங்களே சொல்லுங்கள்!