பழைய வழிகாட்டிக்குப் புதிய வரைபடம்

கிழக்கே கொடைரோட்டைத் தொட்டுக்கொண்டு கன்னியாகுமரி வரை ஓடும் தேசிய நெடுஞ்சாலையும், மேற்கே வத்தலக்குண்டின் வழியாகத் தேனிக்கும் குமுளிக்கும் போகும் மலைநாட்டுச் சாலையும், தெற்கே அணைப்பட்டியை ஒட்டி வைகைக் கரைக்கு இறங்கும் கிராமச் சாலைகளும் சூழ்ந்திருப்பதனால், நிலக்கோட்டை வட்டாரத்தாருக்கு வழி கேட்பதும் வழி சொல்வதும் நித்திய காரியங்களாகிவிட்டன. விடியுமுன்பே பூச்சந்தைக்கு மல்லிகை ஏற்றி வரும் வண்டிக்காரர் முதல், கொடைரோடு ரயில் நிலையத்தில் இறங்கும் பிரயாணிகளைக் கொடைக்கானலுக்கு ஏற்றிச் செல்லும் டாக்சிக்காரர் வரையில், சாலையையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் இங்கே பலர். அவர்கள் வண்டிகளிலும், சொந்தக் கார் வைத்திருப்போர் வண்டிகளிலும், ஒரு காலத்தில் ஆசையோடு வாங்கிப் பொருத்திய ஜி.பி.எஸ். வழிகாட்டிகள் சில இன்றும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவற்றில் பல, வரைபடம் பழசாகிப்போய், இருக்கிற சாலையை இல்லையென்றும் இல்லாத திருப்பத்தை உண்டென்றும் சாதிக்கின்றன. புதிய வரைபடத்தை ஏற்ற முயன்றாலோ, இடம் போதவில்லை என்ற ஒற்றை வாசகத்தோடு கருவி கையை விரித்துவிடுகிறது. அதோடு அதன் ஆயுள் முடிந்ததென்று எண்ணி மேசையறைக்குள் தள்ளிவிடுவது அவசரத் தீர்ப்பு. அந்தச் சிறிய நினைவகத்துக்குள்ளேயே புதிய வரைபடத்தைக் கொண்டுவர வழிகள் உண்டு.

முதலில் ஒரு பரவலான மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்வது நலம். வழிகாட்டி காட்டும் படம் ஆகாயத்திலிருந்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் படம் எதையும் அனுப்புவதில்லை. அணுக் கடிகாரங்களால் அளந்த நேரத்தையும், தாம் இருக்கும் இடத்தையுமே அவை ஓயாமல் ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞைகளைப் பெற்று, அவை வந்துசேர்ந்த நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, இன்ன அட்சரேகையில் இன்ன தீர்க்கரேகையில் இருக்கிறோம் என்று கருவி அறிந்துகொள்வதோடு வானத்தின் உபகாரம் முடிந்துவிடுகிறது. அந்தப் புள்ளி நிலக்கோட்டைக் கடைவீதியா, கண்மாய்க் கரையா என்று சொல்வது, கருவிக்குள் முன்னமே சேமித்து வைத்த வரைபடத்தின் வேலை. ஆகையால் கோள்கள் எவ்வளவு துல்லியமாக இயங்கினாலும், உள்ளே இருக்கும் படம் 2010-ஆம் ஆண்டினதாக இருந்தால் கருவியின் அறிவும் அந்த ஆண்டோடு நின்றுவிடும். இதிலே ஒரு நன்மையும் அடங்கியிருக்கிறது: படம் உள்ளேயே இருப்பதனால், செல்போன் சிக்னல் அறுந்துபோகும் மலைப்பாதையிலும் இக்கருவி வேலை செய்யும், மாதக் கட்டணமோ இணையமோ அதற்கு வேண்டியதில்லை.

2010-ஆம் ஆண்டை உதாரணமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டில்தான் மத்திய அரசு நாடு முழுவதும் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்களை இட்டது. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை சென்ற பழைய 7-ஆம் எண் சாலையில் நம் பகுதி, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் 44-ஆம் எண் சாலையின் ஓர் அங்கமாயிற்று. திண்டுக்கல்லிலிருந்து பழனி, பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூர் போகும் 209, 83 என்று மாறிற்று. தேனி வழியாகக் குமுளி செல்வது 183 ஆயிற்று. எண்தானே மாறியது என்று அதைப் பொருட்படுத்தாமல் விட்டாலும், தரையே மாறியிருப்பதை விட்டுவிட முடியாது. வத்தலக்குண்டு, பெரியகுளம் முதலிய ஊர்களின் நெரிசலுக்குள் புகாமல் விலகிச் செல்லும் பைபாஸ் சாலைகள் பிற்காலத்தில் தோன்றியவை. மதுரையில் நத்தம் சாலைமீது 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுந்த மேம்பாலம் 2023 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. பழைய படத்தை வைத்திருக்கும் கருவி, அந்த மேம்பாலத்தில் ஏறிய வண்டி கீழேயுள்ள சாலையிலேயே போவதாகக் கருதிக்கொண்டு, கைப்பிடிச் சுவரை நோக்கித் திரும்பச் சொல்லும். பைபாஸில் ஓடும் வண்டியையோ வயலுக்குள் ஓடுவதாகக் காட்டி, வழியைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் புதிய படத்தைப் பழைய கருவி ஏன் ஏற்க மறுக்கிறது? 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னையில் பரங்கிமலைக்கு அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் தேச அளவைக்கான தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கிய காலத்தில், தேசப்படம் என்பது காகிதத்தில் கோடுகளின் தொகுதி. விவரம் கூடினால் தாள்களின் எண்ணிக்கை கூடும், அவ்வளவே. வழிகாட்டிக்குள் இருக்கும் வரைபடமோ சாலையை வெறும் கோடாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு சந்தியையும் ஒரு புள்ளியாகவும், இரு சந்திகளுக்கு இடைப்பட்ட சாலையை ஓர் இணைப்பாகவும் எண்களில் எழுதி, அதன் நீளம், வளைவு, பெயர், ஒருவழியா இருவழியா, எங்கே திரும்பக் கூடாது என்ற குறிப்புகளையெல்லாம் கூடவே பதித்து வைக்கிறது. நெடுஞ்சாலை நான்குவழிச் சாலையானால், முன்பு ஒரே இணைப்பாக இருந்தது எதிரெதிர்த் திசைகளுக்கு இரண்டாகிறது. சர்வீஸ் ரோடும் டோல்கேட்டும் ரவுண்டானாவும் தனித்தனியே இடம் கேட்கின்றன. பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரி, கோயில், ஹோட்டல் முதலியவற்றின் பட்டியலும், சந்திகளின் தோற்றப் படங்களும், முப்பரிமாணக் கட்டடங்களும் சேர்ந்து, ஒவ்வொரு பதிப்பையும் முந்தினதைக் காட்டிலும் பருக்கச் செய்கின்றன. கருவியின் நினைவகமோ தொழிற்சாலையில் வைத்த 2 அல்லது 4 ஜிகாபைட்டோடு நின்றுவிட்டது.

இது நம் ஊர்க் கருவிகளுக்கு மட்டும் நேர்ந்த கதி அன்று. வாழ்நாள் முழுவதும் வரைபடம் இலவசம் என்ற வாக்குறுதியோடு கருவிகளை விற்ற நெதர்லாந்தின் டாம்டாம் நிறுவனம், 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தன் பழைய மாதிரிகள் சிலவற்றுக்கு இனிப் புதிய படம் தர இயலாதென்று அறிவித்தது; அவற்றின் நினைவகமும் கணிக்கும் திறனும் இக்காலப் படங்களைத் தாங்கா என்பதே அது கூறிய காரணம். கருவி பயன்படும் காலமே அதன் வாழ்நாள் என்ற விளக்கத்தைக் கேட்டு வாடிக்கையாளர் பலர் சினங்கொண்டனர்.

ஆயினும், நிறுவனங்கள் தயாரிக்கும் படம் பெருத்துவிட்டது என்பதனால் நமக்கு வேண்டிய படமும் பெருத்துவிட்டது என்று ஆகாது. நம் வட்டாரத்துக் கார் ஒன்று ஓர் ஆண்டில் எங்கெங்கே போகிறதென்று எண்ணிப் பார்த்தால், தமிழ்நாடும் கேரளமும், மிஞ்சினால் கர்நாடகமும் திருப்பதியும் அதில் அடங்கும். அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களும் காஷ்மீரத்தின் கணவாய்களும் அந்தக் காரின் நினைவகத்தில் வீணே குடியிருக்கின்றன. நிலக்கோட்டைப் பூ வியாபாரி சிறு கூடையில் சந்தை முழுவதையும் கொட்டப் பார்ப்பதில்லை. எந்த ஊருக்கு எந்தப் பூ போகவேண்டுமோ அதை மட்டும் கட்டி அனுப்புகிறார். வரைபடத்தையும் அப்படித் தேர்ந்து ஏற்றினால், சிறிய நினைவகம் ஒரு குறையாகவே தோன்றாது.

அதற்கான முறை கடினமானதன்று. வரிசை பிசகாமல் செய்யவேண்டியது, அவ்வளவே. முதற்காரியம், கருவியின் அமைப்புகள் பகுதிக்குள் சென்று, வரைபடம் எந்த ஆண்டுப் பதிப்பு, நினைவகத்தில் எவ்வளவு இடம் எஞ்சியிருக்கிறது என்ற இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வது. இரண்டாவது, கருவியை யு.எஸ்.பி. கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து, உள்ளே இருப்பது அனைத்தையும் பிரதி எடுத்து வைப்பது. பிரதி இல்லாமல் ஒரு கோப்பைக்கூட அழிக்கலாகாது. மூன்றாவது, வேண்டாதவற்றை நீக்குவது: நாம் ஒருநாளும் கேட்கப்போகாத பிற பாஷைக் குரல்கள், பல மொழிகளிலுள்ள உதவிக் குறிப்புகள், திரையில் ஓடும் விதவிதமான கார்ப் படங்கள், முந்தைய பதிப்பின் மிச்சங்கள், சென்ற பயணங்களின் தடப் பதிவுகள் ஆகியவை போனாலே கணிசமான இடம் காலியாகும். பெயர் புரியாத கோப்புகளைத் தொடாமல் விடுவதே விவேகம். கருவியை இயக்குவதே அவற்றில் ஒன்றாக இருக்கக்கூடும்.

நான்காவது, படத்தை ஏற்றுவது. கார்மின் போன்ற நிறுவனங்களின் புதுப்பிப்பு மென்பொருள், இடப் பற்றாக்குறையைக் கண்டால், முழுப் படத்துக்குப் பதிலாக ஒரு பகுதியைத் தேர்ந்துகொள்ளவோ, மெமரி கார்டில் ஏற்றிக்கொள்ளவோ வசதி காட்டும். கார்டு வாங்குவதிலும் கவனம் வேண்டும். மிகப் பழைய கருவிகள் 2 ஜிகாபைட் வரையுள்ள எஸ்.டி. கார்டுகளையே படிக்கும், 2006-இல் வகுக்கப்பட்ட எஸ்.டி.எச்.சி. முறையை அறிந்த கருவிகள் 32 ஜிகாபைட் வரை ஏற்கும். அதற்கு மேற்பட்டவற்றைப் பழைய கருவிகள் பெரும்பாலும் அடையாளம் காண்பதில்லை. கார்டை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யவேண்டும் என்பதும், அம்முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். பாதியில் அறுந்த புதுப்பிப்பு கருவியையே முடக்கிவிடக் கூடுமாதலால், கரண்ட் போய்வரும் வேளையில் தொடங்காமலும், பழைய பேட்டரியை நம்பாமலும், கேபிளைக் கழற்றாமலும் முடியும்வரை காத்திருக்கவேண்டும். டேஷ்போர்டிலேயே பதிந்து வந்த வழிகாட்டிகள் பலவற்றில் படம் ஒரு தனி எஸ்.டி. கார்டில் இருக்கும், அந்தக் கார்டு கருவியோடு பிணைக்கப்பட்டிருந்தால் வேறு கார்டில் எடுத்த பிரதி வேலை செய்யாது, அத்தகைய கார்களுக்குக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரை நாடுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

நிறுவனம் படம் தருவதையே நிறுத்திவிட்டால் என்ன செய்வது? 2004-ஆம் ஆண்டில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடம் அத்தகையோருக்குப் பெருந்துணை. உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தாம் அறிந்த சாலைகளைத் தாமே வரைந்து சேர்த்து வளர்ப்பதும், எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியதுமான அப்படத்தை, 2018-ஆம் ஆண்டுக் கேரள வெள்ளத்தின்போது பலர் கூடி அவசரமாக விரிவாக்கியதுண்டு. அதைக் கார்மின் கருவிகள் படிக்கும் வடிவில் மாற்றித்தரும் இலவச ஏற்பாடுகளும் இருக்கின்றன; தேசத்தைக் கட்டங்களாகப் பிரித்து வேண்டிய கட்டங்களை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாமாகையால், தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய படம் 2 ஜிகாபைட் கருவிக்குள்ளும் தாராளமாக அடங்கிவிடும். குறைகளும் இல்லாமல் இல்லை. எல்லாக் கம்பெனிகளின் கருவிகளும் வெளிப் படத்தை ஏற்பதில்லை. கதவு எண்ணைச் சொல்லி வீட்டைத் தேடும் வசதி நம் ஊர்களுக்கு அதில் மிகக் குறைவு. உள்ளூரார் எவரும் வரையாத கிராமத்தில் தெருக்கள் வெறுமையாகவே கிடக்கும். ஆனாலும் உரிமை பெறாமல் கார்டில் ஏற்றி விற்கும் திருட்டுப் படத்தைக் காட்டிலும் இது நேர்மையானது, நம்பத்தக்கது.

புதிய படம் ஏறியதும் கருவி உடனே வழி சொல்லவில்லை என்று கலங்க வேண்டாம். நெடுநாள் உறங்கிய கருவிக்குக் கோள்களின் அட்டவணை முழுவதும் வந்துசேர 12½ நிமிஷம் பிடிக்கும். திறந்த வானத்தின் கீழே வண்டியை நிறுத்திச் சற்றுப் பொறுத்தால் போதும். தேதி மட்டும் பல ஆண்டுகள் பிசகியிருக்குமானால், அதற்கும் காரணம் தெரிந்ததே. ஜி.பி.எஸ். வாரங்களை 0 முதல் 1023 வரை எண்ணி மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரல் 6-ஆம் தேதி இரவு அவ்வாறு எண்ணிக்கை திரும்பியபோது, கருவியை இயக்கும் மென்பொருளைப் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் பத்தொன்பதரை ஆண்டு பின்னால் போய்விட்டன. படத்தோடு அந்த மென்பொருளையும் புதுப்பித்துக்கொள்வது இதற்குப் பரிகாரம். பிறகு, நாம் நன்கறிந்த சாலைகளில், நிலக்கோட்டையிலிருந்து வத்தலக்குண்டு பைபாஸ் வரை, ஒருமுறை ஓட்டிச் சரிபார்த்த பின்னரே அறியாத ஊருக்கு அதை நம்பிப் புறப்படவேண்டும்.

புதிய படம் என்பதாலேயே அது பிழையற்றதாகிவிடாது. 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் செல்போன் வரைபடத்தை நம்பி வந்த உல்லாசப் பிரயாணிகளின் கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்துப் பரேலிக்கு அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்து போயிருந்த பாலத்திலிருந்து கார் ராமகங்கை ஆற்றுப் படுகையில் விழுந்து மூவர் மாண்டனர். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற்றே ஏறவேண்டும் என்ற விதியையோ, மழையில் மண் சரிந்து மலைச்சாலை அடைபட்ட செய்தியையோ எந்தப் பழைய கருவியும் சொல்லாது. வரைபடத்தைக் காட்டிலும் கண்ணுக்கெதிரே உள்ள சாலைக்கும் போக்குவரத்துக் காவலரின் கைக்குமே அதிகாரம் அதிகம்.

நகரத்துக்குள் நெரிசலைப் பார்த்து வழி மாற்றிச் சொல்வதில் செல்போன் மேலானது என்பதை மறுப்பதற்கில்லை. சிக்னல் இல்லாத மலையிலும், பேட்டரி தீர்ந்த வேளையிலும், ஓட்டுநரின் செல்போன் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் தொழில் வண்டியிலும், தனியாக நின்று வழி சொல்லும் பழைய கருவிக்கு இன்னும் இடம் உண்டு. ஆகையால் கோடை விடுமுறை தொடங்கி மலைச்சாலையில் வண்டிகள் பெருகுமுன், ஆண்டுக்கொருமுறை உங்கள் கருவியின் படம் எந்த ஆண்டினது என்று பாருங்கள்; இலவசமாகவோ சிறு செலவிலோ முடியுமானால், வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்து புதுப்பியுங்கள்; கேட்கும் தொகை ஒரு புதிய கருவியின் விலையை நெருங்குமானால், பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.