வைஃபைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு

கணக்கில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று என்று அறியப் பாஸ்புக்கைப் புரட்டுகிறோம். நமக்குத் தெரியாத பற்று ஒன்று அதில் தென்பட்டால் அன்றே கிளைக்கு விரைகிறோம். ஆனால் அதே கணக்கை இன்று நாம் பெரும்பாலும் கைப்பேசி வழியாகவே இயக்குகிறோம். வீட்டிலும் கடையிலும் இருக்கும்போது அந்தக் கைப்பேசிக்கு இணையத்தைத் தருவது, சுவரின் மூலையில் பச்சை விளக்கு மின்ன வீற்றிருக்கும் ஒரு சிறு வைஃபை பெட்டி. அதைப் பொருத்திய பணியாளர் விடைபெற்றுச் சென்ற நாளுக்குப் பிறகு, அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அந்தப் பெட்டியும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. யார் யார் இணைந்திருக்கிறார்கள், எந்த வழியில் இணையத்துக்குச் செல்கிறார்கள், பூட்டு எவ்வளவு உறுதியானது என்பனவெல்லாம் அதில் பதிவாகின்றன. வங்கிகளும் பெருநிறுவனங்களும் அந்தக் கணக்கை இரவு பகலாகப் படித்துக்கொண்டிருக்கின்றன. மாதம் ஒரு முறை, பத்து நிமிடம் செலவிட்டால் வாடிக்கையாளர்களாகிய நாமும் அதைப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும்.

பெட்டியின் அடையாளங்கள்

கம்பியில்லா இணைப்பைப் பரப்பும் கருவியை ஆக்சஸ் பாயின்ட் என்பர். வீடுகளில் அது ரவுட்டருக்குள்ளேயே அடங்கியிருக்கும். அலுவலகம், மருத்துவமனை, ரயில் நிலையம் போன்ற இடங்களில் கூரையிலும் சுவரிலும் தனித்தனியே பொருத்தப்பட்டிருக்கும். 1997இல் வெளியான 802.11 என்னும் தரநிலையே இக்கருவிகள் அனைத்துக்கும் பொது இலக்கணம்.

ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் சில அடையாளங்கள் உண்டு. முதலாவது, கைப்பேசித் திரையில் நாம் காணும் பெயர். இதை யார் வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் சூட்டலாம்; எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே பெயரை மட்டும் நம்புவது, கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தே அது உண்மையான கிளைதான் என்று முடிவு செய்வதைப் போன்றது. இரண்டாவது, மேக் முகவரி. எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த 12 குறிகளால் ஆனது இது. முதல் 6 குறிகள் பொதுவாக அக்கருவியைச் செய்த நிறுவனத்தைக் காட்டும். இதையும் போலியாகச் செய்ய இயலும் என்றாலும், பெயரைவிட நம்பத்தக்க அடையாளம் இதுவே.

மூன்றாவது, அலைவரிசைத் தடம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பல தடங்கள் இருப்பினும் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே ஒன்றோடொன்று உரசாமல் இயங்கும் என்பது வலைப் பொறியாளர்கள் அனைவரும் அறிந்த கணக்கு. அண்டை வீட்டாரின் பெட்டியும் நமது பெட்டியும் ஒரே தடத்தில் முட்டிக்கொள்ளும்போதுதான் பணம் செலுத்தும் நேரத்தில் திரை சுழன்றுகொண்டே நிற்கிறது. நான்காவது, சமிக்ஞையின் வலிமை. இது டிபிஎம் என்னும் அலகில், எதிர்ம எண்ணாகக் காட்டப்படும். மைனஸ் 50 என்றால் வலுவானது. மைனஸ் 80 என்றால் மிகவும் நலிந்தது.

ஐந்தாவதும் இன்றியமையாததும் பூட்டின் வகை. வெப் என்னும் பழைய குறியாக்க முறையின் ஓட்டைகள் 2001ஆம் ஆண்டிலேயே வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. 2004இல் டபிள்யூபிஏ2 முறையும், 2018இல் டபிள்யூபிஏ3 முறையும் வந்தன. பெட்டி புதிதாக இருந்தும் பூட்டு பழையதாக அமைக்கப்பட்டிருப்பது உண்டு. பெட்டியின் தோற்றத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது; பெட்டியின் கணக்கைத் திறந்து பார்த்தால் தெரியும்.

கண்காணிப்புத் திரையில் தெரிவது

நூற்றுக்கணக்கான ஊர்களில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம், ஒவ்வொரு பெட்டியையும் நேரில் சென்று பார்க்க இயலாது. அதற்காகவே வலை மேலாண்மை டாஷ்போர்டு என்னும் கண்காணிப்புத் திரை பயன்படுகிறது. ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டும் ஒரு வரியாக அதில் நிற்கும். இயங்குகிறதா, எவ்வளவு நேரமாக இயங்குகிறது, எத்தனை கருவிகள் இணைந்துள்ளன, எந்தத் தடம், எந்த ஃபர்ம்வேர் பதிப்பு என்பன அவ்வரியில் அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும். ஒரு வரியைத் தொட்டால் அதனோடு இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் விரியும்.

இந்தத் திரையைப் பார்ப்பவரின் பணி, எண்களை மனப்பாடம் செய்வதன்று. வழக்கத்தை அறிந்து, வழக்கம் மீறும்போது கேள்வி கேட்பது. நாள்தோறும் மாலை ஆறு மணிக்குமேல் ஒரு கருவியும் இணையாத கிளையில், இரவு பதினொரு மணிக்கு இரண்டு கருவிகள் இணைந்திருந்தால் அது கேள்வி. ஒரு பெட்டி ஒரே நாளில் ஏழெட்டு முறை அணைந்து எரிந்தால், மின்கம்பியில் பழுதா, யாரேனும் கை வைக்கிறார்களா என்பது கேள்வி. அலுவலகத்தின் பெயரையே தாங்கி, பட்டியலில் இல்லாத மேக் முகவரியோடு புதிய ஆக்சஸ் பாயின்ட் ஒன்று அருகில் தென்பட்டால், அது எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. ‘தீய இரட்டையர்’ என்று இத்துறையினர் அழைக்கும் போலி வைஃபை அதுவாக இருக்கக்கூடும்.

இவ்வாறு பதிவு வைப்பது விருப்பம் சார்ந்த செயலன்று. நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைப்படி, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள்கள் காத்து வைக்க வேண்டும். குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு மீறல்களை, அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

பார்க்காமல் விட்டதன் விலை

பூட்டு இருந்தும் பார்வை இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு மூன்று நிகழ்வுகளை நினைவுகூரலாம்.

அமெரிக்காவில் டிஜேஎக்ஸ் என்னும் பெரும் சில்லறை வணிக நிறுவனம், தன் கடைகளின் கம்பியில்லா வலையில் வெப் என்னும் வலுவிழந்த பூட்டையே வைத்திருந்தது. 2005இல் உள்ளே நுழைந்தவர்களை அந்நிறுவனம் கண்டுகொண்டது 2006 டிசம்பரில்தான். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு! அதற்குள் குறைந்தது 4.57 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் களவு போயிருந்தன. கதவு திறந்திருந்தது ஒரு பிழை; இத்தனை காலம் யாரும் கவனிக்காமல் இருந்தது அதைவிடப் பெரிய பிழை.

2011இல் பிரேசிலில் சுமார் 45 லட்சம் இணைய மோடம்களின் உள்ளமைப்பைக் குற்றவாளிகள் மாற்றினர். இணையதளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்னும் வழிகாட்டியைத் தம்முடையதாக ஆக்கிவிட்டனர். வாடிக்கையாளர் இணையதளத்தின் பெயரைச் சரியாகவே தட்டச்சு செய்தார். சென்று சேர்ந்ததோ போலித் தளம். பெட்டியின் விளக்குகள் வழக்கம்போல் பச்சையாகவே மின்னின. பெட்டியின் பக்கத்தைத் திறந்து டிஎன்எஸ் வரியைப் படித்திருந்தால் மட்டுமே மாற்றம் தெரிந்திருக்கும்.

மூன்றாவது நம் நாட்டில் நிகழ்ந்தது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன், ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. புலனாய்வாளர்கள் அதன் தடத்தைப் பின்பற்றிச் சென்று நின்ற இடம், நவி மும்பையில் ஒரு குடியிருப்பு. அங்கே வாழ்ந்தவரின் பாதுகாப்பற்ற வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தனர். மின்னஞ்சலோடு தொடர்பில்லாதவர், அதற்காக விசாரணையைச் சந்திக்க நேர்ந்தது. நம் பெட்டி வழியாகச் செல்லும் செயலுக்கு முதலில் நம் வாசலில்தான் கதவு தட்டப்படும்.

நம் பெட்டியைப் படிப்பது எப்படி?

பெரும்பாலான ரவுட்டர்களின் அடிப்புறத்தில் ஒரு வில்லை ஒட்டப்பட்டிருக்கும். 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற ஒரு முகவரி அதில் இருக்கும். அதே வைஃபையில் இணைந்த நிலையில், கைப்பேசியிலோ கணினியிலோ உள்ள பிரவுசரில் அந்த எண்ணைத் தட்டச்சு செய்தால் பெட்டியின் பக்கம் திறக்கும். சில நிறுவனங்கள் இதற்கெனத் தனிச் செயலியே தருகின்றன. அங்கே கவனிக்க வேண்டியவை ஐந்து.

முதலில், இணைந்துள்ள கருவிகளின் பட்டியல். வீட்டில் உள்ள கைப்பேசிகள், தொலைக்காட்சி, மடிக்கணினி, கண்காணிப்பு கேமரா ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, பட்டியலோடு ஒப்பிடுக. ஒரு செய்தியை மறத்தலாகாது: அண்மைக்காலக் கைப்பேசிகள், பயனரின் தனியுரிமைக்காக ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு மேக் முகவரியைக் காட்டும். எனவே புதிய முகவரியைக் கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. வீட்டுக் கைப்பேசிகளில் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால், எந்த வரி யாருடையது என்பது தெளிவாகும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஒரு வரி எஞ்சினால் கடவுச்சொல்லை மாற்றிவிடுக.

இரண்டாவது, பூட்டின் வகை. டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்க வேண்டும். மூன்றாவது, டிஎன்எஸ் வரி. இணையச் சேவை நிறுவனம் தந்த எண்ணோ, நாமே தெரிந்து அமைத்த எண்ணோ தவிர வேறு எண் இருக்கக்கூடாது. ஐயம் இருப்பின் சேவை நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்க. நான்காவது, ஃபர்ம்வேர் பதிப்பு. புதியது வந்திருந்தால் ஏற்றிவிடுக. கண்டறியப்பட்ட ஓட்டைகளை அடைப்பது அதுவே. ஐந்தாவது, நிர்வாகக் கடவுச்சொல். வைஃபை கடவுச்சொல் வேறு, பெட்டியின் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல் வேறு. முன்னதை மாற்றிவிட்டு, பின்னதைத் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டுவிடுவோர் பலர். அது, முன்கதவைப் பூட்டிவிட்டுச் சாவிக்கொத்தைப் பின்கதவில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். வெளியிலிருந்து பெட்டியை இயக்கும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ வசதி தேவையில்லை எனில் அதையும் அணைத்து வைக்கலாம்.

வணிகர்களுக்குத் தனியாக ஒரு சொல். அட்டை தேய்க்கும் கருவியும் பில் போடும் கணினியும் இருக்கும் வலையில் கடைக்கு வருவோரை இணையவிடுவது கூடாது. பல ரவுட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்னும் விருந்தினர் வலை உண்டு. வருவோருக்கு அதைத் தருக. ஊழியர் ஒருவர் பணியை விட்டு நீங்கும்போது கல்லாச் சாவியைத் திரும்பப் பெறுகிறோம். அன்றே வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுவது அதே கணக்கில் சேரும். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டத்தில், சிறு கடைகளும் உரிமக் கட்டணமின்றிப் பொது வைஃபை வழங்கலாம். அவ்வாறு வழங்குவோர், பொது வலையையும் தம் வணிக வலையையும் வேறு வேறாக வைத்திருத்தல் நலம்.

பொது இடங்களில்

2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய ரயில் நிலைய இலவச வைஃபை, பின்னர் நாடெங்கும் ஆயிரக்கணக்கான நிலையங்களுக்குப் பரவியது. இத்தகைய வசதிகள் பயனுள்ளவையே. ஆனால் அங்குள்ள பெட்டியின் கணக்கை நாம் படிக்க இயலாது என்பதை உணர்ந்து நடந்துகொள்ள வேண்டும்.

வங்கிச் செயலிகள் தம் தகவலைத் தாமே குறியாக்கம் செய்தே அனுப்புகின்றன. ஆகவே காற்றில் செல்லும்போதே ஒருவர் கடவுச்சொல்லைப் படித்துவிடுவது எளிதன்று. போலி வைஃபை விரிக்கும் வலை வேறு விதமானது. ‘இலவச இணையம் பெற உங்கள் அட்டை எண்ணைத் தருக’, ‘இந்தச் செயலியை நிறுவுக’ என்று ஒரு பக்கம் தோன்றும். அங்கே நாமாகவே தந்துவிடுகிறோம். பொது வைஃபையில் நுழைவதற்கு அட்டை எண்ணோ, யுபிஐ பின்னோ, வங்கிக் கடவுச்சொல்லோ ஒருபோதும் தேவையில்லை. பணப் பரிமாற்றத்துக்குக் கைப்பேசியின் சொந்த டேட்டாவே ஏற்றது. பழைய திறந்த வைஃபை பெயர்களைக் கைப்பேசியின் நினைவிலிருந்து நீக்கிவிடுக. அவை இருக்கும்வரை, அதே பெயரில் எவர் பெட்டி வைத்தாலும் கைப்பேசி தானாகச் சென்று இணையக்கூடும்.

ஐயம் எழுந்தால்

நாம் செய்யாத பரிமாற்றம் ஒன்று கணக்கில் தெரிந்தால், வைஃபையை ஆராய்வது பிறகு. முதலில் வங்கிக்குத் தெரிவித்து அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் முடக்கச் செய்க. 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணிலும் புகார் அளிக்கலாம். இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, வங்கியோ வாடிக்கையாளரோ காரணமாகாத மூன்றாம் தரப்பு மீறலை, தகவல் வந்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு ஏதுமில்லை. தாமதம் கூடக்கூட அந்தப் பாதுகாப்பு குறையும். கடவுச்சொல்லையோ பின்னையோ நாமே பிறருக்குத் தந்திருந்தால், புகார் அளிக்கும் வரையிலான இழப்பு நம்மையே சாரும்.

கண்காணிப்பு என்பது பொறியாளர்களுக்கு மட்டும் உரிய கலையன்று. தன் வீட்டுக்கு வழக்கமாக வருவோர் யார் என்று அறிந்திருப்பவர்க்கு, வழக்கமில்லாதவரை அடையாளம் காணக் கருவி நூல் எதுவும் வேண்டாம். அடுத்த முறை பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து வரும் நாளிலேயே, வைஃபை பெட்டியின் பக்கத்தையும் ஒரு முறை திறந்து, இணைந்துள்ள கருவிகளை எண்ணி, தேதியோடு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு வரி போதும்.