உங்களால் முடியுமா, அப்பத்தா?

பாம்பனில் ஞாயிறு திருப்பலியில் எழுந்தேற்ற மணி ஒலித்ததும் ஆலயமே முழந்தாளிடுகிறது. பின்புறத்தில் சில மூதாட்டியர் மட்டும் சுவரில் சாய்ந்து நிற்கின்றனர். பக்தியில் அவர்கள் எவர்க்கும் குறைந்தவரல்லர். முழங்கால்தான் மடங்க மறுக்கிறது. இளமையில் விரல்களில் துணி சுற்றிக் கடலில் மூழ்கிப் பாசி எடுத்தவர்களும், மீன்கூடை சுமந்தவர்களும் அவர்களுள் உண்டு. "வயதாகிவிட்டது, வேறென்ன?" என்று வீட்டார் பேச்சை முடித்துவிடுகின்றனர்.

பேச்சை அங்கே முடிக்காதவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேட் லோரிக் என்னும் செவிலியர், 1970களின் இறுதியில் மூட்டுவாதக்காரர்களுக்கு வகுப்பு தொடங்கினார். வாரம் இரண்டு மணி நேரம், ஆறு வாரம். நடத்தியவர்கள் மருத்துவரல்லர், பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். பலருக்கு வலி தணிந்தது. உடற்பயிற்சியே காரணமென்று எண்ணித் தேடியபோது, அந்தத் தொடர்பு எதிர்பார்த்த அளவு வலுவாக இல்லை. "இந்நோயை என்னால் ஓரளவு ஆளமுடியும்" என்ற உணர்வு வளர்ந்தவர்களே கூடுதல் நலம் கண்டனர். இவ்வுணர்வைத் தன்திறன் நம்பிக்கை என்பர். அதே பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் இதனை விளக்கி எழுதியிருந்தார்.

அந்நம்பிக்கையை அளக்க 1989இல் 20 வினாக்கள் கொண்ட தாள் வெளிவந்தது: வலியைப் பற்றி 5, அன்றாடச் செயல்களைப் பற்றி 9, களைப்பு, மனச்சோர்வு முதலியவை பற்றி 6. ஒவ்வொன்றையும் செய்ய இயலும் என்பதில் எவ்வளவு உறுதி என்று 10 முதல் 100 வரை நோயாளியே எண்ணிட வேண்டும்.

ஆனால் அவ்வினாக்கள் யாருடைய வீட்டில் பிறந்தவை? கத்தியும் முள்கரண்டியும் கொண்டு இறைச்சியை எட்டு நொடியில் நறுக்க முடியுமா? முன்புறம் திறக்கும் முழுக்கைச் சட்டையை விரைவில் அணிய முடியுமா? காரில் துணையின்றி ஏறி இறங்க முடியுமா? நம் அப்பத்தா கையால் சோறு பிசைந்து உண்பவர், சேலை உடுத்துபவர், பேருந்தின் உயரப் படியோடு போராடுபவர். அவரிடம் இத்தாளை அப்படியே நீட்டினால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளேது?

நம் கரையின் பிள்ளைகள் பலர் பிழைப்புக்குச் சென்றுள்ள அரபு நாடுகளிலும் இதே இடர்ப்பாடுதான். ஸ்டான்போர்டில் 1980இல் பிறந்த மற்றொரு மூட்டுவாத வினாத்தாளைக் குவைத் மருத்துவர்கள் அரபியில் அமைத்து 1998இல் வெளியிட்டனர். அங்கே நூலில் எழுதும் அரபி ஒன்று, வீட்டில் பேசும் அரபி வேறு. செந்தமிழும் பேச்சுத்தமிழும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொழுகைக்குக் குனிந்து நெற்றியைத் தரையில் வைப்பவருக்கு முழங்காலின் மதிப்பே வேறு. ஆகவே இப்பணியில் ஒருவர் மொழிபெயர்ப்பார். மூலத்தைக் காணாத வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். வேறுபாடுகளை அறிஞர் குழு ஆராயும். பின்னர் சில நோயாளிகளிடம் படித்துக் காட்டி, என்ன விளங்கியது என்று கேட்பார்கள். கடைசிப் படியே முக்கியமானது என்பது என் எண்ணம். முன்னைய வினாத்தாளையே நம் நாட்டு மருத்துவர்கள் 2002இல் அமைத்தபோது, சம்மணமிட்டு அமர்வதும் ஆட்டோவில் ஏறி இறங்குவதும் இடம்பெற்றன.

சொல்லும் செயலும் மாறினாலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. "நாளை வலியைத் தாங்கி வேலை செய்ய முடியுமென்று எவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள்?" என்றால் அரபியர் "இன்ஷா அல்லாஹ்" என்பார், நம் அப்பத்தா "ஆண்டவர் சித்தம்" என்பார். இதற்கு என்ன எண் இடுவது? தளர்ச்சி என்று 10 இடுவதா, திடம் என்று 100 இடுவதா? அதே சொல்லை ஒருவர் கைவிட்டுவிட்டுச் சொல்கிறார். இன்னொருவர் குடத்தைத் தூக்கிக்கொண்டே சொல்கிறார். வினாவை எவ்வளவு நுணுக்கமாகப் பெயர்த்தாலும் இவ்விரண்டையும் பிரித்தறிய, கேட்பவர் சற்று நேரம் அருகே அமரவேண்டும்.

நோயாளரைச் சந்திக்கச் செல்லும் மரியாயின் சேனையினர் "வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்பது வழக்கம். அதனோடு இன்னும் சிலவற்றைக் கேட்கலாம். "பூவரச மரத்தடி வரை நடந்துவிடலாம் என்று தோன்றுகிறதா, அப்பத்தா? சேலைக் கொசுவத்தை நீங்களே செருகிக்கொள்வீர்களா? அடுத்த ஞாயிறு, முழந்தாளிட வேண்டாம், பெஞ்சில் உட்கார்ந்து எழ முடியுமா?" பதிலுக்கு அவர் "ஆண்டவர் சித்தம்" என்றால், "சரி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று மறுமுறை கேளுங்கள்.