ஆவாரம் பட்டை போய் குரோமியம் வந்தபோது

பாலாற்றில் நீரோட்டம் நின்ற மாதங்களிலும் மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும். ஊற்றுக்கால்வாய் வெட்டி அந்த நீரை வயலுக்குக் கொண்டுபோனார்கள். ராணிப்பேட்டை வட்டாரத்தில் அன்று கிணற்று நீரைச் சந்தேகப்பட்டவர் யார்? இறைத்தார்கள், குடித்தார்கள்.

தோல் பதனிடுவது அப்போதும் இருந்தது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் தோல் வாரக்கணக்கில் கிடக்கும். நாற்றம் உண்டு, கழிவும் உண்டு. பழையதெல்லாம் தூய்மை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டைச் சக்கை மட்கிவிடும். குரோம் உப்பு வந்ததும் வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்தது. அந்த ரசாயனங்களை உள்ளூரிலேயே தயாரிக்க, 1970-களில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை தொடங்கியது.

குரோமைட் தாதுவைச் சோடா சாம்பலோடு சூளையில் வறுத்து, தண்ணீர் விட்டுக் குரோமேட்டைக் கரைத்தெடுப்பார்கள். முழுவதும் கரைந்து வராது. மிஞ்சிய சக்கையில் தங்குவது ஆறு இணைதிறன் குரோமியம். எளிதில் நீரில் கரையும், தோலைப் புண்ணாக்கும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அந்தச் சக்கையை ஆலை வளாகத்திலேயே குவித்தார்கள். 1990-களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத சக்கை அங்கேயே கிடந்தது.

மழை பெய்தால் குவியலிலிருந்து மஞ்சள் நீர் வடியும். அது மண்ணில் இறங்கி, பாறை வெடிப்புகள் வழியே நிலத்தடி நீரில் கலந்தது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஆலையை ஒட்டிய நீரில் அது பல மடங்கு இருந்தது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம், உலகில் மிக மோசமாக மாசடைந்த 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையைச் சேர்த்தது.

மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று, வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூடிக் கிடக்கும் ஆலையிடம் யார் போய்க் கேட்பது? அரசுதான் முன்னின்று செய்ய வேண்டும். கிணற்று நீரை எத்தனை முறை இறைத்துச் சுத்திகரித்தாலும், சக்கை அங்கே கிடக்கும்வரை அடுத்த மழை மீண்டும் நஞ்சைக் கரைத்து இறக்கும். முதலில் அகற்ற வேண்டியது குவியலை.

இப்படிப்பட்ட வளாகங்களுக்கு அருகே கிணறோ ஆழ்துளைக் கிணறோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். குறைந்த அளவு குரோமியம் கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சினாலும் அது போகாது. ஆய்வகத்தில், குரோமியத்துக்கென்றே சொல்லிச் சோதித்துப் பாருங்கள்.