காருக்கு விங்: எங்கே பலன், எங்கே ஆபத்து?

சென்னையில் வேளச்சேரி – தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையைக் கடக்கும்போது தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் வளாகம் வரும். நாட்டில் எங்கே எவ்வளவு காற்று வீசுகிறது, காற்றாலை இறக்கைகள் அதிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்க முடியும் என்று அளந்து சொல்கிற மத்திய அரசு நிறுவனம் அது. அதன் வாசலைக் கடந்து போகிற கார்கள் சிலவற்றின் டிக்கி மேல் இப்போது பெரிய விங் நிற்கிறது. காற்றாலை இறக்கைக்கும் காரின் விங்குக்கும் அறிவியல் ஒன்றுதான். ஆனால், காற்றாலையை நிறுத்துவதற்கு முன் அந்த இடத்தின் காற்றை மாதக்கணக்கில் அளக்கிறார்கள். காரில் விங் பொருத்துகிறவர்களில் பலர், அதன் மேல் எவ்வளவு வேகத்தில் காற்று போகும் என்றுகூடக் கேட்பதில்லை. காசைக் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைப் பார்ப்போம்.

ஸ்பாய்லர் வேறு, விங் வேறு

ஓடும் காரின் கூரையைத் தழுவிப் போகும் காற்று வேகம் கூடி, அங்கே அழுத்தம் குறைகிறது. அதனால் வேகம் ஏற ஏற காரின் பின்பகுதி லேசாக மேலே இழுக்கப்படுகிறது. டிக்கியின் விளிம்பிலோ கூரையின் முடிவிலோ ஒட்டினாற்போல் இருக்கும் ஸ்பாய்லர், காற்று அங்கே வழுக்கிக் கீழிறங்குவதைத் தடுத்து இந்த இழுப்பைக் குறைக்கிறது. ஆடி டிடி கார் விற்பனைக்கு வந்த புதிதில் ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலைகளில் விபத்துகள் நடந்தன. அதன் பிறகு நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து, டிக்கி மேல் சிறிய ஸ்பாய்லர் பொருத்தியது. சஸ்பென்ஷனிலும் மாற்றம் செய்தது. உள்ளங்கை அகல ஸ்பாய்லர்கூட, சோதித்துப் பொருத்தினால் உயிர் காக்கும்.

விங் என்பது உடலை விட்டு விலகி, இரண்டு தாங்கிகளின் மேல் நிற்கும் தனி இறக்கை. அதன் மேலும் கீழும் காற்று ஓடும். விமானத்தின் இறக்கையைத் தலைகீழாகத் திருப்பினால் இதுதான்: விமானத்தை மேலே தூக்கும் விசை, காரைத் தரையோடு அழுத்துகிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்க வரும் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம் இது. 1956இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் மிஷேல் மே தன் போர்ஷே 550 காரின் மேல் இப்படியொரு இறக்கையைப் பொருத்தி நூர்பர்க்ரிங் பந்தயத்துக்குக் கொண்டுபோனார், நடத்துநர்கள் அனுமதிக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து அமெரிக்காவின் ஜிம் ஹால் கட்டிய சாப்பரல் 2இ உயரமான விங்குடன் ஓடியது. அதற்குப் பிறகு பந்தய உலகம் அதை விடவே இல்லை.

வேகம் இருந்தால்தான் விசை

விங் தரும் அழுத்தம், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 1.4 மீட்டர் அகலமும் 25 சென்டிமீட்டர் முன்பின் நீளமும் உள்ள ஓர் ஒற்றை விங்கை, மிதமான கோணத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் தோராயமாக இப்படி வரும்: மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 6 கிலோ. 120இல் 23 கிலோ. 180இல் 52 கிலோ.

சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை 2023 நவம்பரில் கார்களுக்கு வைத்த உச்ச வரம்பு 60 கி.மீ. பள்ளிக்கரணையிலிருந்து மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் போகிறவர்களுக்குக் காலையிலும் மாலையிலும் அந்த வேகமே வாய்க்காது. அதாவது, நம் சாலையில் விங் தருவது அதிகபட்சம் ஒரு சிறிய அரிசிப் பையின் கனம். விங்கும் தாங்கிகளும் சேர்ந்து கிட்டத்தட்ட அந்த எடை இருக்கும். பந்தயத் தளத்தில் நிலைமை வேறு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமான இருங்காட்டுக்கோட்டை தளத்தில், 3.7 கி.மீ. சுற்றில் வேகமான வளைவுகள் உண்டு. அங்கே பின்சக்கரத்தின் மேல் 50 கிலோ கூடுவது, வளைவில் கார் சுழன்று வெளியேறுவதற்கும் கோடு தவறாமல் போவதற்கும் இடையிலான வித்தியாசமாக இருக்கலாம். நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது ஓட்டிய போர்ஷே 911 ஜிடி3 கப் காரில் விங் இருந்தது இதற்காகத்தான்.

முன்சக்கரம் கொடுக்கும் விலை

விங் பெரும்பாலும் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் நிற்கிறது. அதனால் அது பின்பகுதியை அழுத்தும்போது, சீசா பலகையில் ஒருபுறம் இறங்க மறுபுறம் எழுவதுபோல முன்பகுதி லேசாகிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.57 மீட்டர் உள்ள ஒரு காரில், பின் அச்சிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி விங் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விங்கில் 50 கிலோ அழுத்தம் வந்தால், பின்சக்கரங்களின் மேல் 67.5 கிலோ கூடும். முன்சக்கரங்களிலிருந்து 17.5 கிலோ குறையும். அதாவது, அதிவேகத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கார் திரும்பத் தயங்கும்.

நம் ஊரில் ஓடும் ஹேட்ச்பேக், செடான் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்ஜின் இழுவை முன்சக்கரத்தில்தான். இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரமே என்னும்போது அதன் கனத்தைக் குறைப்பது இரட்டை நஷ்டம். எனவே முன் பம்பரின் அடியில் ஸ்பிளிட்டர் என்னும் தகட்டைப் பொருத்தி அங்கேயும் அழுத்தம் தேடாமல், பின்னால் மட்டும் பெரிய விங் வைப்பது பாதி வேலை. அந்த ஸ்பிளிட்டரோ நம் வேகத்தடைகளில் முதல் வாரமே உரசும்.

வாங்கும்போது

சென்னை ஜி.பி. ரோடு கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் விங்குகளில் நிறைய, வெறும் அலங்காரப் பொருள்கள். வாங்குவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, குறுக்கு வெட்டு வடிவம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் முன்விளிம்பு உருண்டும், பின்விளிம்பு மெலிந்தும், அடிப்பக்கம் வளைந்தும் இருக்க வேண்டும். தட்டையான பலகையை வளைத்து வைத்தாற்போல் இருந்தால் அது காற்றை இழுத்துப் பிடிக்குமே தவிர, அழுத்தம் குறைவாகவே தரும்.

இரண்டாவது, உயரம். செடானில் கூரையிலிருந்து இறங்கி வரும் காற்று, பின்கண்ணாடியைத் தாண்டும்போது கலங்கிப் போகிறது. டிக்கியை ஒட்டித் தாழ்வாக நிற்கும் விங்குக்கு அந்தக் கலங்கிய காற்றுதான் கிடைக்கும். கூரை மட்டத்தை நெருங்கினால்தான் தெளிவான காற்று. ஆனால் உயரம் கூடக்கூடத் தாங்கியின் மேல் விழும் சுமையும் கூடும்.

மூன்றாவது, தாங்கி பிடிக்கும் இடம். விங்கின் வேலையில் பெரும்பங்கு அதன் அடிப்பக்கத்தில் நடக்கிறது. தாங்கி அடியிலிருந்து முட்டினால் அங்கே ஓட்டம் கெடும். மேலிருந்து வளைந்து வந்து பிடிக்கும் அன்னக்கழுத்துத் தாங்கிகள் பந்தயக் கார்களில் பரவியதற்கு இதுவே காரணம்.

நான்காவது, பொருள். உள்ளே ஒன்றுமில்லாத மெல்லிய ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயிலில் வளையும். கார்பன் ஃபைபர் என்று சொல்லி, ஃபைபர் கிளாஸ் மேல் ஒரு படலம் ஒட்டி விற்பதும் உண்டு. இரண்டு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். கையிலேயே முறுக்கும் விங், 150 கி.மீ. வேகத்தில் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பொருத்தும்போது

1969 மே மாதம் பார்சிலோனாவின் மோன்ஜுயிக் சாலைத் தளத்தில் நடந்த ஸ்பானிஷ் கிராண்ட் பிரீயில், உயரமான தாங்கிகளின் மேல் நின்ற விங் உடைந்து லோட்டஸ் அணியின் கிரகாம் ஹில்லும் யோக்கென் ரிண்டும் ஒரே பந்தயத்தில், ஒரே இடத்துக்கு அருகில் விபத்துக்குள்ளானார்கள். ரிண்ட் காயமடைந்தார். அடுத்த பந்தயமான மொனாக்கோவிலேயே உயர விங்குகளுக்குத் தடை வந்தது. உலகின் சிறந்த பொறியாளர்கள் பொருத்தியதற்கே அந்த நிலை.

டிக்கி மூடியின் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் நேராகத் துளை போட்டு முடுக்கினால், தகடு முதலில் குழியும், பிறகு துளையைச் சுற்றி விரிசல் விடும். சரியான முறை இது: மாஸ்கிங் டேப் ஒட்டி, காரின் நடுக்கோட்டைக் குறித்து, இருபுறமும் சம தூரம் அளக்க வேண்டும். முதலில் சிறு துளை, பிறகு தேவையான அளவு. துளையின் பிசிறை அரத்தால் நீக்கி, வெறும் இரும்பு தெரியும் இடமெல்லாம் பிரைமரும் பெயின்ட்டும் தடவிக் காய விட வேண்டும். மூடியின் உட்புறம் உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு வைத்து, சுமை பரவும்படி செய்ய வேண்டும். தாங்கிக்கும் தகட்டுக்கும் இடையே ரப்பர், துளையைச் சுற்றி சிலிக்கான், தளராத நைலான் பூட்டு நட். கடைசியில் நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டால், பின்னாளில் நட் நகர்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

கடல் காற்றும் வடகிழக்குப் பருவமழையும் சேரும் பள்ளிக்கரணையில் பிரைமரும் சிலிக்கானும் கட்டாயம். பூசாமல் விட்ட துளை ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். கசியும் நீர் டிக்கிக்குள் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் தேங்கும். பெரிய விங் என்றால் டிக்கி மூடியை நம்பவே கூடாது. தாங்கிகள் காரின் சட்டகத்தோடு இணைய வேண்டும்.

கோணத்தைத் தரையை வைத்து அளப்பது பரவலான தவறு. கூரையிலிருந்து காற்று சரிந்து வருவதால், விங்கின் நடுப்பகுதி சந்திக்கும் கோணம் வேறு, முனைகள் சந்திக்கும் கோணம் வேறு. கோணத்தை அளவுக்கு மேல் உயர்த்தினால் அடிப்பக்கத்துக் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். அழுத்தம் விழும், இழுவை மட்டும் மிஞ்சும். இதைக் கண்டுபிடிக்கக் காற்றுச் சுரங்கம் தேவையில்லை. விரல் நீளக் கம்பளி நூல் துண்டுகளை விங்கின் அடியில் வரிசையாக டேப் போட்டு ஒட்டி, பின்கண்ணாடி வழியாக மொபைலில் படம் எடுத்தால் போதும். நூல்கள் பின்னோக்கி அமைதியாகப் படிந்திருந்தால் ஓட்டம் சரி. சுழன்றாலோ, முன்பக்கம் திரும்பினாலோ கோணத்தைக் குறைக்க வேண்டும்.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நிறுவனமே அந்த மாடலுக்கு விற்கும் ஸ்பாய்லருக்குச் சிக்கல் வராது. காரின் சட்டகத்தோடு இணைத்த பெரிய விங் என்றால், சோழிங்கநல்லூர், தாம்பரம் போன்ற உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், இழப்பீடு கேட்கும் நாளில் உங்களுக்கு எதிராக நிற்கும்.

அபராதத்தைவிடப் பெரிய விஷயம் பின்னால் வருகிறவர். துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலையில் நம் காரின் பின்னால் நெருங்கி வருவது பெரும்பாலும் ஒரு பைக். பிரேக் போடும் கணத்தில் அதை ஓட்டுகிறவரின் மார்பு உயரத்தில் இருப்பது, விங்கின் கூரான முனைத் தகடு. காரின் உடலைத் தாண்டி நீளும் விங்கையோ, முனை உருட்டப்படாத தகட்டையோ சாலைக்குக் கொண்டுவருவதற்கு எந்த நியாயமும் இல்லை.

முடிவாகச் சொன்னால்: அன்றாடம் அலுவலகம் போய்வரும் காருக்கு விங் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்குங்கள், 40 கி.மீ. வேகத்திலும் பலன் தருபவை அவை. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ முறையாக ஓட்டப் பழகி, பின்பகுதி பிடிமானம் போதவில்லை என்று உணர்ந்தவர்கள் மட்டும் விங்கைத் தேடுங்கள். அப்போதும் கழற்றி மாட்டக்கூடியதாகப் பொருத்தி, தளத்தில் மாட்டுங்கள். வீடு திரும்பும் முன் கழற்றிவிடுங்கள்.