எண்ணெய்க் குழாய் அடைக்குமா? கணித்துச் சொல்லும் நியூரல் நெட்வொர்க்

கடிதம் டைப் செய்யவும், படம் பார்க்கவும், இன்டர்நெட்டில் தேடவும் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறோம். பூமிக்கடியில் இருந்து வரும் கச்சா எண்ணெய், வழியில் குழாயை அடைக்குமா என்று முன்கூட்டியே கணிக்கவும் இதே போன்ற கம்ப்யூட்டர் போதும். இதற்கு உதவும் வழிகளில் ஒன்றுதான் நியூரல் நெட்வொர்க். இது எப்படி வேலை செய்கிறது, இதனை எந்த இடத்தில் நம்பக் கூடாது என்று இங்கு காணலாம்.

அஸ்பால்டீன் என்பது என்ன?

கச்சா எண்ணெய் பல பொருட்களின் கலவை. அதில் மிகக் கனமான, கறுப்பான பகுதிக்கு அஸ்பால்டீன் என்று பெயர். இது டொலுவீன் என்ற திரவத்தில் கரையும், ஹெப்டேனில் கரையாது. நிலத்தடியில் அதிக அழுத்தத்தில் இருக்கும்போது இது எண்ணெயோடு கலந்தே இருக்கும். எண்ணெய் கிணற்றுக் குழாயில் மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது. அப்போது, ரசத்தின் அடியில் மண்டி தங்குவதுபோல், அஸ்பால்டீன் பிரிந்து குழாயின் உட்சுவரில் படியலாம். எண்ணெயை வெளியே தள்ளுவதற்காகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தும்போதும் இது நிகழலாம். படிவு கெட்டியானால் எண்ணெய் வரத்து குறையும். முற்றிலும் நின்றும் போகலாம். பின்னர் டொலுவீன், சைலீன் போன்றவற்றை ஊற்றிக் கழுவ வேண்டும் அல்லது சுரண்டி எடுக்க வேண்டும். இரண்டுமே செலவு பிடிக்கும் வேலைகள்.

குறைவாக இருந்தால் பயமில்லையா?

அப்படித்தான் நாம் நினைப்போம். ஆனால் உண்மை வேறு. வெனிசுலாவில் உள்ள போஸ்கான் வயலின் எண்ணெயில் அஸ்பால்டீன் சுமார் 17 சதவீதம். அங்கு இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. அல்ஜீரியாவின் ஹாசி மெசாவுத் எண்ணெயில் இது சுமார் 0.15 சதவீதம் மட்டுமே. அங்கோ அடைப்புத் தொல்லை பெரிது! காரணம், ஹாசி மெசாவுத் எண்ணெய் மிக லேசானது. அழுத்தம் குறையும்போது, லேசான எண்ணெயால் அஸ்பால்டீனைக் கரைத்து வைத்துக்கொள்ள முடிவதில்லை. எனவே எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. எண்ணெயின் அடர்த்தி, அழுத்தம், வெப்பநிலை, கலக்கும் திரவம் அல்லது வாயு என்று பலவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நெட்வொர்க் என்ன செய்கிறது?

வழக்கமான புரோகிராமில் விதியை நாம் எழுதித் தருகிறோம். நியூரல் நெட்வொர்க்கில் விடை தெரிந்த கணக்குகளைத் தருகிறோம். அது விதியைத் தானே அமைத்துக் கொள்கிறது.

ஆய்வுக்கூடத்தில் எண்ணெயுடன் ஹெப்டேன் போன்ற திரவத்தைக் கலந்து, எவ்வளவு அஸ்பால்டீன் பிரிகிறது என்று எடை போடுகிறார்கள். திரவத்தின் அளவு கூடினால் பொதுவாகப் பிரிவதும் கூடும். திரவத்தின் மூலக்கூறு எடை கூடினால் (பென்டேனுக்கு 72, ஹெப்டேனுக்கு 100) பிரிவது குறையும்.

இந்த இரண்டையும் 0 முதல் 1 வரையிலான எண்களாக மாற்றிக் கொள்வோம். அளவு 0.8, மூலக்கூறு எடை 0.5 என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு "வெயிட்" உண்டு. முதலாவதற்கு 0.6, இரண்டாவதற்கு மைனஸ் 0.4 என்போம். பெருக்கிக் கூட்டினால் 0.48 கழித்தல் 0.20, அதாவது 0.28. இதனை சிக்மாய்டு என்ற சார்பில் போட்டால் கிடைப்பது சுமார் 0.57. சோதனையில் கிடைத்த விடை 0.70 என்றால் பிழை 0.13. இந்தப் பிழை குறையும்படி வெயிட்களைச் சிறிது மாற்ற வேண்டும். இதனை ஆயிரக்கணக்கான முறை செய்வதுதான் பயிற்சி. பல அடுக்குகள் கொண்ட நெட்வொர்க்கில் பிழையைப் பின்னோக்கிப் பகிர்ந்து தரும் முறையை ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகியோர் 1986ல் வெளியிட்ட கட்டுரை பிரபலமாக்கியது.

கவனிக்க வேண்டியவை

1. எல்லா டேட்டாவையும் பயிற்சிக்கே தந்துவிடக் கூடாது. ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, அதில் சோதிக்க வேண்டும். இல்லையெனில், பாடத்தை மனப்பாடம் செய்த மாணவன் புதிய கேள்வியில் திணறுவதுபோல் அதுவும் திணறும்.

2. பார்த்திராத எல்லைக்குள் அதன் விடையை நம்பக் கூடாது. போஸ்கான் போன்ற கனமான எண்ணெயை மட்டும் பார்த்துப் பழகிய நெட்வொர்க், ஹாசி மெசாவுத் போன்ற லேசான எண்ணெய்க்கும் தயங்காமல் ஒரு விடை தரும். அது தவறாக இருந்தாலும் எர்ரர் மெசேஜ் எதுவும் வராது. அதை நம்பித் தடுப்பு மருந்து செலுத்தாமல் விட்டால் கிணறே அடைபடலாம்.

3. ஏன் இந்த விடை என்று அது விளக்காது. எனவே வேதியியல் தெரிந்தவர் ஒருவர் விடையைச் சரி பார்ப்பது அவசியம்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

மேலே சொன்ன கணக்கை எக்ஸெல் தொகுப்பில் ஒரே வரியில் போட்டுப் பார்க்கலாம். வெயிட்களை மாற்றி, விடை 0.70ஐ நெருங்குகிறதா என்று பாருங்கள். அடுத்த படிக்குச் செல்ல விரும்பினால் பைத்தான் மொழியும், அதற்கான சைகிட்-லேர்ன் தொகுப்பும் இலவசமாகவே கிடைக்கின்றன. சில நூறு வரிகள் கொண்ட டேட்டாவுக்குச் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரே போதும். நல்ல டேட்டாவைச் சேகரிப்பதுதான் கடினம். அதனை ஆய்வுக்கூடத்தில் மனிதர்கள்தான் செய்தாக வேண்டும்.